டிஸ்கில் எத்தனை ஜிபி என்பது கேமை எப்படி மாற்றுகிறது?

கேள்வி: ஃபைனல் ஃபேன்டஸி 13 பிஎஸ்3-இல் ஒரே டிஸ்க், எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று டிஸ்க். இதனால் கேமின் வடிவமைப்பே மாறுமா, இல்லை நடுவில் எழுந்துபோய் டிஸ்க் மாற்றும் தொல்லை மட்டும்தானா? இப்போது எல்லாமே இன்ஸ்டால் ஆகிவிடுகிறதே, டிஸ்கின் அளவைப் பற்றி இன்னும் ஏன் பேசுகிறார்கள்?

பதில்:

மாறும். ஆனால் பலரும் நினைக்கிற மாதிரி "இடம் போதவில்லை, கதையை வெட்டிவிட்டார்கள்" என்ற வகையில் மாறுவது அரிது. டிஸ்கின் இடம் ஒரு செலாவணி. படிக்கும் வேகம், ரேம் (ஓடும்போது தரவு தங்கும் தற்காலிக நினைவகம்), பிராசஸர், கிராபிக்ஸ் இவற்றில் எது குறைகிறதோ அதை ஜிபி கொடுத்து வாங்குவார்கள். அந்தச் செலாவணி தீர்ந்தால்தான் இரண்டாவது டிஸ்க். அந்த இரண்டாவது டிஸ்க் எங்கே தொடங்குகிறது என்பதுதான் வடிவமைப்பை நேரடியாகத் தொடும் இடம்.

முதலில் அளவுகள். பிஎஸ்1 காலத்து சிடி 650 எம்பி. ட்ரீம்காஸ்ட்டின் ஜிடி-ராம் சுமார் 1 ஜிபி. கேம்க்யூபின் சின்ன டிஸ்க் 1.46 ஜிபி. பிஎஸ்2-வின் டிவிடி ஒரு அடுக்கில் 4.7, இரண்டு அடுக்கில் 8.5 ஜிபி. எக்ஸ்பாக்ஸ் 360-உம் அதே இரண்டடுக்கு டிவிடிதான். ஆனால் பாதுகாப்புக்கும் பிறவற்றுக்கும் போக, கேமுக்குக் கிடைத்தது சுமார் 6.8 ஜிபி. 2011-இல் டிஸ்க் வடிவத்தைத் திருத்தி இன்னொரு 1 ஜிபியை மீட்டார்கள். பிஎஸ்3-இன் புளூ-ரே 25 அல்லது 50 ஜிபி. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 100 ஜிபி டிஸ்க் வரை படிக்கும்.

இந்த எண்களைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. பக்கத்தில் ரேமையும் படிக்கும் வேகத்தையும் வைத்துப் பாருங்கள். பிஎஸ்1 சிடி நொடிக்கு 300 கேபி படிக்கும். பிரதான ரேம் 2 எம்பி. அதை நிரப்ப 7 நொடி. பிஎஸ்2-வில் 32 எம்பி ரேம், நொடிக்கு 5.28 எம்பி, ஆக 6 நொடி. பிஎஸ்3-இல் இரண்டு ரேமும் சேர்த்து 512 எம்பி, புளூ-ரே நொடிக்கு 9 எம்பி, ஆக 57 நொடி. பிஎஸ்4-இல் 8 ஜிபி ரேம், நொடிக்கு 27 எம்பி, ஆக 5 நிமிடம். கொள்ளளவு ஏறிய வேகத்தில் படிக்கும் வேகம் ஏறவில்லை. பிஎஸ்3-இல் சில கேம்கள் பாதி இன்ஸ்டால் கேட்டதும், பிஎஸ்4-இல் எல்லா கேமும் முழு இன்ஸ்டால் ஆனதும் இந்தக் கணக்கின் விளைவு. டிஸ்கிலிருந்து நேராக விளையாடுவது பிஎஸ்4-ஓடு முடிந்துபோனதற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டாம்.

அதைவிட மோசமான எதிரி சீக். லேசர் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து, தடத்தைப் பிடித்து, படிக்கத் தொடங்கும்வரை ஆகும் நேரம் அது. ஆப்டிகல் டிரைவில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிநொடி. நொடிக்கு 9 எம்பி படிக்கும் டிரைவில் 100 கேபி துண்டு ஒன்றைப் படிக்க 11 மில்லிநொடி போதும். அதைத் தேடிப் போக 130 மில்லிநொடி ஆகிறது. டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நூறு சிறு கோப்புகளைக் கேட்டால் படிப்பதற்கு ஒரு நொடி, அலைவதற்குப் பதிமூன்று நொடி.

இதற்கு மருந்து, ஒரே கோப்பைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதி வைப்பது. ஒரு தெருவைக் காட்டத் தேவையான கட்டடம், விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி, சத்தம் எல்லாவற்றையும் ஒரே கட்டாக வரிசையில் வைத்துவிடுவார்கள். அடுத்த தெருவிலும் அதே குப்பைத்தொட்டி இருந்தால் அதன் இன்னொரு பிரதி அந்தக் கட்டிலும் இருக்கும். 2018-இல் வந்த ஸ்பைடர்-மேன் கேமில் சில பொருட்களின் தரவு 400 முறை வரை திரும்ப எழுதப்பட்டிருந்ததாக, பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச் உரையில் சொன்னார். அங்கே எதிரி டிஸ்க் அல்ல, பிஎஸ்4-இன் ஹார்ட் டிஸ்க். ஆனால் சுழலும் தட்டும் நகரும் தலையும் உள்ள எதற்கும் நோய் ஒன்றே. பெரிய டிஸ்க் கிடைத்தால் அதில் கணிசமான பங்கு புதிய உள்ளடக்கத்துக்குப் போகாமல் இந்தப் பிரதிகளுக்குப் போய்விடுகிறது என்பதைக் கேம் வாங்குபவர்கள் அதிகம் அறிவதில்லை.

சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வந்ததும் இந்தப் பிரதிகளுக்கு வேலையில்லை. ஹெல்டைவர்ஸ் 2-வின் பிசி பதிப்பு, ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்காகப் பிரதிகளைச் சுமந்து 150 ஜிபிக்கு வந்து நின்றது. 2025 கடைசியில் பிரதிகளை நீக்கியதும் சுமார் 23 ஜிபி ஆனது. லோடிங்கில் பெரும்பகுதி களத்தை உருவாக்கும் கணக்குக்குத்தான் போகிறது, அதனால் ஹார்ட் டிஸ்கிலும் சில நொடிதான் கூடும் என்று தயாரிப்பாளர்களே அளந்து சொன்னார்கள். முதலிலேயே அளந்திருக்கலாம்.

பிரதிகளுக்கு அடுத்து இடத்தைத் தின்பவை வீடியோவும் ஒலியும். பிஎஸ்1-இல் டிரைவின் முழு வேகத்தில் வீடியோ ஓட்டினால் 36 நிமிடத்தில் ஒரு சிடி காலி. ஃபைனல் ஃபேன்டஸி 7 மூன்று சிடியானதற்கும் எட்டும் ஒன்பதும் நான்கு நான்கு சிடியானதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். ஊர்களும் வசனங்களும் சண்டைகளும் பிடித்த இடம் அதோடு ஒப்பிட்டால் கொஞ்சம். 1080பி வீடியோவை நொடிக்கு 20 மெகாபிட்டில் வைத்தால் மணிக்கு 9 ஜிபி. எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஒரு டிஸ்க் அப்படி முக்கால் மணி நேரத்துக்குத்தான் வரும். ஃபைனல் ஃபேன்டஸி 13 அங்கே மூன்று டிஸ்கில் வந்தும், வீடியோவை பிஎஸ்3 பதிப்பைவிட அதிகம் சுருக்க வேண்டியிருந்தது; வேகமான காட்சிகளில் கட்டம் கட்டமாக உடைவது கண்ணுக்குத் தெரியும். ஒலியில், சுருக்காத எட்டு சேனல் 16-பிட் ஒலி மணிக்கு சுமார் 2.8 ஜிபி. அதை ஐந்து மொழிகளில் குரல் கொடுத்து ஒரே டிஸ்கில் போட்டால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்பில் ஒட்டும் படம்) ஒன்று 4096×4096 அளவில், பிக்சலுக்கு ஒரு பைட் கணக்கில், 16 எம்பி. அதைப் பாதிப் பக்க அளவுக்குக் குறைத்தால் 4 எம்பி. இடம் நெருக்கினால் முதலில் கைவைப்பது வீடியோவின் தரத்திலும் டெக்ஸ்சரிலும்தான். கதையில் கைவைப்பது கடைசி.

செலாவணி என்று சொன்னதற்கு நல்ல எடுத்துக்காட்டு ரெசிடென்ட் ஈவில் 4. கேம்க்யூபில் அது இரண்டு டிஸ்க், கதைக் காட்சிகள் அந்த நேரத்திலேயே வரையப்பட்டவை. பிஎஸ்2-வின் கிராபிக்ஸுக்கு அதே தரம் முடியவில்லை. ஆனால் டிவிடியில் இடம் இருந்தது. எனவே அந்தக் காட்சிகளை வீடியோவாகப் பிடித்துப் போட்டு ஒரே டிஸ்கில் கொடுத்தார்கள். விளைவு: வேறு உடை போட்டுக்கொண்டு விளையாடினாலும் காட்சி வந்ததும் பாத்திரங்கள் பழைய உடைக்குத் திரும்பிவிடுவார்கள். டைட்டன்ஃபாலின் பிசி பதிப்பில் (2014) இதையே வேறு திசையில் செய்தார்கள். 48 ஜிபி இன்ஸ்டாலில் சுமார் 35 ஜிபி சுருக்காத ஒலி. பலவீனமான இரண்டு-கோர் பிராசஸர்கள் ஒலியை விரிப்பதில் நேரம் செலவழிக்கக்கூடாது என்பதற்காக.

இனி டிஸ்க் எல்லை. ஒரு கேம் ஒரு டிஸ்கில் அடங்காதபோது எங்கே வெட்டுவது? இதற்குக் கிடைத்த விடைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு கேமை உருவாக்கின.

எளியது, கதையின் ஓட்டத்தில் வெட்டுவது. ஃபைனல் ஃபேன்டஸி 7-இல் ஊர்களின் தரவு மூன்று டிஸ்கிலும் இருக்கும், வீடியோக்கள்தான் மாறும். அதனால் மூன்றாவது டிஸ்கிலும் உலகம் முழுக்கச் சுற்றலாம். ஊர் தரவை மூன்று முறை எழுதியதால் ஒவ்வொரு டிஸ்கிலும் இடம் போனது, ஆனால் ஆட்டக்காரருக்குப் பழைய டிஸ்கைத் தேடும் வேலை இல்லை. எட்டாவது பாகத்தின் நான்காவது டிஸ்கில் பெரும்பாலான ஊர்கள் மூடியிருக்கும். கதை அதற்கு ஒரு காரணம் சொல்கிறது. ஊரை மூடினால் அந்த டிஸ்க் அதைச் சுமக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. இரண்டில் எது முந்தியது என்று ஆட்டக்காரர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். என் கணிப்பில் இரண்டும் ஒரே கூட்டத்தில் முடிவானவை.

ரெசிடென்ட் ஈவில் 2 (1998) லியோனுக்கு ஒரு டிஸ்க், கிளேருக்கு ஒரு டிஸ்க் என்று ஆளைப் பிரித்தது. எல்லாப் பிரிவினைகளிலும் இது அழகானது. ஆட்டத்தின் நடுவில் டிஸ்க் மாற்றவே வேண்டாம், டிஸ்க் மாற்றுவதே "அடுத்தவரின் கதையைத் தொடங்குகிறேன்" என்று பொருள்படும். கிரான் டூரிஸ்மோ 2 பயன்முறையைப் பிரித்தது: ஆர்கேட் ஒரு டிஸ்க், சிமுலேஷன் ஒரு டிஸ்க். எல்.ஏ. நொயர் (2011) எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று டிஸ்க், பிஎஸ்3-இல் ஒன்று. அது வழக்கு வழக்காக நகரும் கேம் என்பதால் மூன்றாகப் பிரித்தும் பெரிதாக உறுத்தவில்லை.

ரிவன் (1997) இடத்தைப் பிரித்தது. ஐந்து சிடி, தீவுகள் அந்தச் சிடிகளில் பங்கிடப்பட்டிருந்தன. ஆனால் அது துப்புகளைத் தேடித் தீவுக்குத் தீவு திரும்பத் திரும்பப் போக வேண்டிய கேம். ஒரு சின்னத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றால் சிடி மாற்று. திரும்பி வர மறுபடியும் மாற்று. புதிரைவிட அந்த மாற்றல்தான் ஆட்களைச் சோர்வடைய வைத்தது. பின்னர் வந்த டிவிடி பதிப்பில் ஒரு வரிகூட மாற்றாமலேயே கேம் மேம்பட்டுவிட்டது. கொள்ளளவு வசதியை மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

திறந்த உலகக் கேமை இப்படி எதிலும் வெட்ட முடியாது. எந்த நிமிடமும் நகரின் எந்த மூலைக்கும் போகலாம் என்றால் எல்லாமே ஒரே டிஸ்கில் இருந்தாக வேண்டும். ஜிடிஏ 5 (2013) இதற்கு ஒரு வழி கண்டது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் முதல் டிஸ்க் இன்ஸ்டாலுக்கு மட்டும், சுமார் 8 ஜிபி. இரண்டாவது டிஸ்க் விளையாட. ஹார்ட் டிஸ்கும் டிவிடியும் ஒரே நேரத்தில் ஆளுக்குப் பாதியாகத் தரவு தரும். இதில் ஒரு நுணுக்கம்: எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் போட்டால் வேகம் கூடும் என்று நினைத்து இரண்டாவது டிஸ்கையும் இன்ஸ்டால் செய்தவர்களுக்குச் சாலையும் கட்டடங்களும் தாமதமாக, மங்கலாக வந்தன. இரண்டு வழியில் வர வேண்டிய தரவு ஒரே வழியில் நெருக்கியது. அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேமை உருவாக்கிய ராக்ஸ்டாரே சொல்லியிருந்தது. 360-இல் இதை இன்றும் விளையாடுபவர்கள் இரண்டாவது டிஸ்கை இன்ஸ்டால் செய்திருந்தால் அழித்துவிடுங்கள்.

360-இல் இவ்வளவு காலம் இந்த வழி வராததற்கும் காரணம் உண்டு. ஹார்ட் டிஸ்க் இல்லாத மலிவு மாடலும் விற்பனையில் இருந்தது; அதனால் சில விதிவிலக்குகள் தவிர எந்தக் கேமும் இன்ஸ்டாலைக் கட்டாயமாக்க முடியவில்லை. 2008 நவம்பரில் விருப்பமிருந்தால் இன்ஸ்டால் செய்துகொள்ளும் வசதி வந்தது. டிரைவின் இரைச்சல் குறையும், பெரும்பாலான கேம்களுக்கு லோடிங்கும் குறையும். ஹாலோ 3 விதிவிலக்கு. அது ஏற்கெனவே டிஸ்கிலிருந்து ஹார்ட் டிஸ்கின் தற்காலிகப் பகுதிக்குத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டது. முழுதாக இன்ஸ்டால் செய்தால் ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்து அதே ஹார்ட் டிஸ்கில் எழுதும், லோடிங் கூடும்.

டிஸ்கில் எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பதும் கணக்கில் வரும். 360-இன் டிரைவ் ஒரே சுழல் வேகத்தில் சுற்றும். எனவே வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 16 எம்பி, உட்புறத்தில் அதில் ஏறத்தாழ பாதி. அடிக்கடி வேண்டியதை வெளி விளிம்பில் வைப்பார்கள். கேம் சிறியதாக இருந்தால் உட்புறத்தை வெற்றுக் கோப்பால் நிரப்பி, உண்மையான தரவை வெளியே தள்ளுவதும் வழக்கம். 2 ஜிபி கேம் ஒன்று டிஸ்கில் 6 ஜிபி பிடிப்பதைப் பார்த்தால் திறமையின்மை என்று முடிவுகட்ட வேண்டாம்.

லோடிங்கை மறைக்கும் உத்திகள் எல்லாம் இங்கிருந்து பிறந்தவை. ரெசிடென்ட் ஈவிலின் மெல்லத் திறக்கும் கதவு, மாஸ் எஃபெக்ட்டின் முடிவில்லாத லிஃப்ட், மெட்ராய்டு ப்ரைமில் சுட்டும் உடனே திறக்காத கதவு. ரிட்ஜ் ரேசர் பிஎஸ்1-இல் முழுதாக ரேமில் ஏறிவிடும்; ஏறிய பிறகு டிஸ்கை எடுத்துவிட்டு உங்கள் பாட்டு சிடியைப் போட்டுக்கொண்டே பந்தயம் ஓட்டலாம். அந்தக் கேமை உருவாக்கிய நாம்கோ, லோடிங் நேரத்தில் சின்ன கேம் ஆடவிடுவதற்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. அது 2015-இல் காலாவதியானது.

எல்லாக் குறைக்கும் டிஸ்கைக் குற்றம் சொல்லவும் கூடாது. ஸீனோகியர்ஸின் (1998) இரண்டாவது டிஸ்கில் கதையின் பெரும்பகுதி, பாத்திரங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லும் வசனமாகப் போய்விடும். இடம் போதவில்லை என்று பலர் எழுதுவார்கள். காரணம் நேரம் போதாமை. டோனி ஹாக் ப்ரோ ஸ்கேட்டர் 5 (2015) டிஸ்கில் இருந்தது 4.6 ஜிபி, முதல் நாள் பேட்ச் (இணையத்தில் இறங்கும் திருத்தம்) 7.7 ஜிபி. புளூ-ரேயில் இடமில்லாமல் அல்ல, டிஸ்க் அச்சுக்குப் போகும்போது கேம் முடியவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். இப்போது டிஸ்க் என்பது இன்ஸ்டால் செய்யும் மூலமும் உரிமைச் சாவியும்தான். விளையாடும்போது தரவு அதிலிருந்து வருவதில்லை. பிஎஸ்5-இன் எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும். 16 ஜிபி ரேமை நிரப்ப 3 நொடி. ஆகவே கொள்ளளவு இனி ஆட்டத்தின் உள்ளே எதையும் தொடுவதில்லை. வசதியைத் தொடுகிறது. 50 மெகாபிட் இணைப்பில் 100 ஜிபி இறங்க நான்கரை மணி நேரம் ஆகும், அதுவும் வேகம் குறையாமல் இருந்தால். டிஸ்கிலிருந்து அதைவிட மிகக் குறைந்த நேரத்தில் முடியும்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2, ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த் ஆகியவை இரண்டு டிஸ்க். முதலில் டேட்டா டிஸ்கைப் போடுங்கள். அது முழுக்க இறங்கியதும் ப்ளே டிஸ்கைக் கேட்கும். அதன்பிறகு தினமும் வேண்டியது ப்ளே டிஸ்க் மட்டும். கேமை அழித்து மறுபடி போட டேட்டா டிஸ்க் கட்டாயம் வேண்டும், எனவே செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பெட்டியைத் திறந்து இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ரீபர்த்தின் சில பிரதிகளில் இரண்டு டிஸ்கின் லேபிளும் இடம் மாறி அச்சாகிவிட்டது. கன்சோல் ஏற்க மறுத்தால் பழுது என்று பயப்படாமல் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

பிஎஸ்4-இல் பேட்ச் இறங்கும்போது பழைய கேமை நகலெடுத்துத்தான் புதுப்பிக்கும். 100 ஜிபி கேமுக்கு 2 ஜிபி பேட்ச் என்றாலும் ஏறத்தாழ இன்னொரு 100 ஜிபி காலியாக இருக்க வேண்டும். "இடமில்லை" என்ற பிழை வந்து குழம்புவது பெரும்பாலும் இதனால்தான். முதல் பிஎஸ்5-இன் 825 ஜிபியில் கேமுக்குக் கிடைப்பது 667 ஜிபி. கூட்ட வேண்டுமானால் நான்காம் தலைமுறை எம்.2 எஸ்எஸ்டி, நொடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல், வெப்பம் தணிக்கும் ஹீட்சிங்க் உடன். யுஎஸ்பி டிரைவில் பிஎஸ்5 கேமை வைத்துக்கொள்ளலாம், ஓட்ட முடியாது. பிஎஸ்4 கேம் அதிலிருந்தே ஓடும்.

டிஸ்கே இல்லாத மாடல்களில், அதாவது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷன், டிரைவைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டிய பிஎஸ்5 ப்ரோ ஆகியவற்றில், இந்த வசதிக் கணக்கு முழுக்க இணைய வேகத்தின் கையில். ஸ்விட்ச் 2 வேறொரு வழியில் போகிறது. அதன் கார்டு 64 ஜிபி வரை கொள்ளும், ஆனால் பல கேம்கள் கீ-கார்டாக வருகின்றன. உள்ளே கேம் இல்லை, சாவி மட்டும். இறக்குவது இணையத்தில், ஓட்டும்போது கார்டு உள்ளே இருக்க வேண்டும், விற்றால் வாங்கியவரும் அதேபோல இறக்கி ஆடலாம். பெட்டியின் முன்பக்கம் கீழே அது கீ-கார்டு என்று அச்சிட்டிருப்பார்கள். வாங்கும் முன் அதைப் படியுங்கள்.